ஐந்தாம் மாடியில் இரண்டு கதவுகள்

அத்தியாயம் ஒன்பது

குற்றம் செய்தவர்கள் செய்யவில்லை என்று சாதிப்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எங்களுக்கு, 'நான்தான் செய்தேன், ஆளை விடுங்கள்' என்று அடம்பிடிக்கும் ஒரு கட்சிக்காரர் வாய்த்திருந்தார். பெயர் சண்முகலிங்கம். வயது எழுபத்தொன்று. நாளை காலை கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நீதவான் முன்னால் நின்று 'குற்றவாளி' என்று ஒரே ஒரு சொல் சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால் விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, எங்களுக்கும் வேலை கிடையாது. நீதவான் மனம் வைத்தால் ஐந்து வருடம் வரை உள்ளே போடலாம்.

அந்தச் சொல்லை அவருடைய வாயிலிருந்து பிடுங்க எங்களிடம் இருந்தது ஒரு பின்னேரம்.

எங்களிடம் என்றால், மிஸ்ஸிடமும் என்னிடமும். மிஸ் என்று நான் கூப்பிடுவது மரியகொறற்றியை. புதுக்கடை நீதிமன்றங்களில் இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, இப்போது சட்டத்தரணிகளுக்காகத் துப்பறிகிறவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்மணி. பொய்யை மூன்று மொழிகளிலும் மோப்பம் பிடிப்பார். நான் ஜனா. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் இரண்டு தடவை குப்புற விழுந்தவன். மிஸ்ஸுக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதும் வேண்டாத நேரத்தில் பகிடி விடுவதும் என் உத்தியோகம். வெள்ளவத்தையில் வளர்ந்தவன் என்பதால் இரண்டிலும் நல்ல பயிற்சி உண்டு.

வழக்கு இதுதான். கொட்டாஞ்சேனையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்குச் சண்முகலிங்கம் காவலாளி. மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். புரட்டாதி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நண்பகல், நான்காம் மாடியில் வீட்டு வேலைக்கு நின்ற மேனுகா என்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு, வெறும் பிளாஸ்டிக் பேசினோடு திரும்பி வந்தாள். ஐந்தாம் மாடியில் லிப்ட் கதவு திறந்திருந்தது. லிப்ட் கீழே நின்றது. உச்சி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு எது, லிப்ட் எது என்று தெரிந்திருக்காது. காலை வைத்துவிட்டாள்.

தகப்பன் வேலுசாமி, ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. வழக்கின் ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றத்துக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பார். யாரோடும் கதைக்கமாட்டார். அந்த மனிதரின் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

கதவைத் திறந்தது தான்தான், மூட மறந்ததும் தான்தான் என்று சண்முகலிங்கம் அன்றே பொலிசில் வாக்குமூலம் கொடுத்தார். கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டு. வேலை போயிற்று, அறை போயிற்று. பிணையில் வந்தவர் மனைவியோடு வெள்ளவத்தையில் மகள் யதுஷாவின் வீட்டில் இருக்கிறார். அங்கேதான் அன்று மாலை மூன்றரைக்குப் போய் இறங்கினோம்.

"மிஸ், அப்பாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது," என்றாள் யதுஷா, கதவைத் திறந்ததும் திறக்காததுமாக. "மரக்கறிக்கடைக்கும் நான்தான் போறனான். பொலிஸ் எழுதின பேப்பரிலை வாசிக்காமலே கையெழுத்து வைச்சிட்டார்."

எங்கள் சட்டத்தரணி சுபோதினியின் திட்டமும் அதுதான். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அடியில் தமிழில் கையெழுத்து. நம்மவர்களிடம் பழைய வியாதி ஒன்று உண்டு. பொலிசில் எதை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்வதைத்தான் கெட்டித்தனம் என்று நினைப்பார்கள். சண்முகலிங்கமும் அந்த இனம் என்றே நாங்கள் நம்பியிருந்தோம்.

மனிதர் கதிரையின் நுனியில் இருந்தார். நெற்றியில் விபூதி. சேட்டின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். மிஸ் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாக்குமூலத்தின் பிரதியை எடுத்தார்.

"ஐயா, நான் சிங்களத்தில வாசிப்பேன். பிறகு தமிழில சொல்லுவேன். சரியா?"

"ஓம் தங்கச்சி. வாசிச்சு என்ன வரப்போகுது."

உள்ளிருந்து அவருடைய மனைவி நேசமலர் தேநீர்த் தட்டோடு வந்தார். பருத்திச் சேலை, பெரிய குங்குமப் பொட்டு, வாய் நிறையச் சிரிப்பு. என்னிடம் கோப்பையை நீட்டி, "தம்பி, உங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்திலை எந்த இடம்?" என்று கேட்டார்.

"அம்மா அளவெட்டி, அன்ரி."

"நல்ல ஊர்." சந்தோசமாக உள்ளே போனார்.

மிஸ் சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். நீதிமன்றக் குரல், ஏற்ற இறக்கமில்லை. பெயர், விலாசம், தொழில் எல்லாம் போயிற்று. பிறகு வந்த வரி, 'சம்பவ தினத்தன்று மூன்றாம் மாடியில் லிப்ட் கதவை நான் சாவியால் திறந்து பார்த்துவிட்டு மூடாமல் விட்டேன்' என்பது.

"ஐஞ்சாம் மாடி," என்றார் சண்முகலிங்கம்.

மிஸ் இன்னும் தமிழில் வாயே திறக்கவில்லை.

யதுஷா தகப்பனைப் பார்த்தாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"பேப்பரிலயும் ஐஞ்சுதான் இருக்கு ஐயா. மூண்டு எண்டு வாசிச்சது நான். வேணுமெண்டுதான். பாஷை தெரியாத ஆள் கோர்ட்டில என்ர வாயைப் பார்ப்பார். தெரிஞ்ச ஆள் பேப்பரைப் பார்ப்பார். நீங்க முதல் வரியிலிருந்தே பேப்பரைத்தான் பார்த்தீங்க."

"அப்பா?" என்றாள் யதுஷா. அவள் குரல் எனக்குப் பாவமாக இருந்தது. முப்பத்தெட்டு வருடம் பழகிய மனிதரிடம் தெரியாத அறை ஒன்று இருக்கிறது என்று ஒரு மகள் அறிவது சின்ன விசயமில்லை.

சண்முகலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். "எழுபத்தேழாம் ஆண்டுக்கு முன்னம் அனுராதபுரத்திலை ஒரு புடவைக்கடையிலை ஆறு வருசம் நிண்டனான். கலவரத்திலை கடை எரிஞ்சுது. அந்தப் பாசையையும் அங்கையே விட்டிட்டு வந்தனான். பிறகு கதைச்சதே இல்லை."

"பொலிசில கதைச்சீங்க."

"ஓம். அங்கை தேவைப்பட்டுது."

"அப்ப விளங்கித்தான் கையெழுத்து வைச்சீங்க."

"விளங்கித்தான். நான் திறந்தனான், நான் மூடேல்லை. புதுக்கடையிலை ஒருத்தர் சொன்னவர், ஒத்துக்கொண்டா நீதவான் இரக்கப்பட்டு ஒரு தண்டத்தோடை விட்டிடுவார், ஒரே நாளிலை அலுவல் முடிஞ்சிடும் எண்டு."

"அந்த ஒருத்தர் நீதவானோ ஐயா?" என்றேன் நான். "இல்லையெண்டா அவர் தன்னட்டை இல்லாத சாமானை வித்திருக்கிறார்."

அந்த நேரம் பார்த்து நேசமலர் இன்னொரு தட்டுத் தேநீரோடு வந்தார். முதல் கோப்பையே ஆறாமல் என் கையில் இருந்தது.

"தம்பி, உங்கட ஆக்கள் யாழ்ப்பாணத்திலை எந்த இடம்?"

என் வாய் சும்மா இருக்காதே. ஒரு மாறுதலுக்குச் "சுன்னாகம், அன்ரி" என்றேன்.

"நல்ல ஊர்," என்று அதே சந்தோசத்தோடு தலையாட்டினார். பிறகு எல்லோரையும் பார்த்தார். "என்ன எல்லாரும் ஒரு மாதிரி இருக்கிறியள்? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, நேசம்," என்றார் சண்முகலிங்கம் அவசரமாக. "நீர் உள்ளை போய் இரும்."

எழுந்து நின்று கும்பிட்டு எங்களை வழியனுப்பினார். மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் போங்கள் என்பதுதான் பொருள்.

வெளியே, ஒழுங்கையில் நின்ற ஸ்கூட்டரை உதைத்தேன். "மிஸ், எங்கட கேஸ் அவரின்ரை வாயாலேயே செத்துப் போச்சு."

"வாக்குமூலம் முக்கியமில்லை ஜனா. பொலிசுக்குச் சொன்ன குற்ற ஒப்புதலை வைச்சுக் கோர்ட்டில ஒருத்தரையும் குற்றவாளி ஆக்க ஏலாது. அது இருபத்திரண்டு வருசமா நான் மொழிபெயர்த்த சட்டம். நாளைக்கு அவர் நீதவானுக்குச் சொல்லப் போறதுதான் ஆபத்து." தலைக்கவசத்தை மாட்டினார். "சிங்களம் தெரிஞ்ச மனுசன், அம்பது வருசம் விட்டிருந்த பாஷையைத் திருப்பி எடுத்து, தனக்கு எதிராக் கதைச்சிருக்கிறார். கொட்டாஞ்சேனைக்கு விடு."

காலி வீதி மாலை நெரிசலைத் திட்டித் திட்டிக் கடந்து, ஐந்தரைக்கு அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கீழே லிப்ட்டுக்குப் பொலிஸ் நாடா கட்டியிருந்தது. ஐந்து மாடியும் ஏற வேண்டும். மூன்றாவதில் என் மூச்சு என்னைக் கைவிட்டது. "மிஸ், துப்பறியிற ஆக்கள் எல்லாம் ஏன் கீழ் மாடிக் கேஸ் எடுக்கிறேல்லை?" என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறினார்.

ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன நடை. ஜன்னல் இல்லை. கூரையில் ஒரு வெற்று பல்ப் ஹோல்டர். இடது பக்கம் சண்முகலிங்கம் இருந்த அறை, பூட்டிக் கிடந்தது. எனக்குக் காற்று வேண்டியிருந்தது. மொட்டைமாடிக் கதவின் பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"ஜனா," என்றார் மிஸ் மெதுவாக. "அது லிப்ட்."

கையை எடுத்துவிட்டேன். முதுகு குளிர்ந்தது. அந்த லிப்ட் பழைய ரகம். பிடியைப் பிடித்துத் திறக்கிற கதவு. அதற்கு ஒரு முழம் தள்ளி மொட்டைமாடிக் கதவு. இரண்டுக்கும் ஒரே பச்சை வர்ணம். இரண்டுக்கும் நடுவே சுவரில் ஓர் ஆணி. இரண்டு சாவியும் அந்த ஒரே ஆணியில்தான் தொங்க வேண்டும், யாராவது உள்ளே மாட்டுப்பட்டால் உடனே எடுக்கலாம் என்று கட்டடக் கமிட்டி எழுதி ஒட்டிய அறிவித்தல் இன்னும் அங்கே இருந்தது.

"இந்தக் கமிட்டியிலை மூளை இருந்த ஆக்களும் இருந்தவையோ?" என்றேன்.

மிஸ் தன் போனில் பொலிஸ் எடுத்த படங்களைத் திறந்தார். "எனக்கு ரெண்டு மாசமா ஒண்டு குத்திக்கொண்டு இருக்கு. இதைப் பார்." லிப்ட் வாசற்படியின் ஓரத்தில் ஒரு துண்டு வாழையிலை, அதில் ஒரு பிடி சோறு. "பொலிஸ் குறிப்பில மேனுகாட சோத்துப் பார்சல் எண்டு போட்டிருக்கு. உடுப்புக் காயப்போட வந்த பிள்ளை ஏன் சோறு கொண்டு வரணும்? அதுவும் எறும்பு மொய்ச்ச சோறு."

இந்தப் படத்தை நானும் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். சோறு என்றுதான் பார்த்தேன். சோற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது போனை வாங்கி விரலால் பெரிதாக்கினேன். கறுப்புப் புள்ளிகள் அசையாத ஒழுங்கில் கிடந்தன.

"இது எறும்பு இல்லை மிஸ். எள்ளு."

"எள்ளா?"

"எள்ளும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைஞ்ச சோறு. புரட்டாதிச் சனி மிஸ். எங்கட ஆக்கள் சனீஸ்வரனுக்கு விரதம் பிடிப்பினம். காகத்துக்கு ஒரு பிடி வைச்சு, காகம் வந்து கொத்தினாப் பிறகுதான் தாங்கள் சாப்பிடுவினம். எங்கட அம்மாவும் அண்டைக்கு வைச்சவ."

"காகத்துக்கு வைக்கிற சோறு லிப்ட் வாசலில எதுக்கு?"

பக்கத்துப் பச்சைக் கதவைப் பார்த்தேன். என் கையே சற்று முன் எந்தக் கதவுக்குப் போனது என்று நினைத்தேன். மேனுகா மொட்டைமாடிக்குப் போனபோது காற்றுக்கு அடிக்கும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பாள். இரண்டு கதவும் மூடியிருந்திருக்கும், ஆணியிலிருந்து கைக்கு வந்தது லிப்ட் சாவியாக இருந்திருக்கும்.

"அவரே வைச்சிருக்கலாமே?" என்றார் மிஸ். கேட்ட விதத்திலேயே அவருக்கும் விடை தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"மூண்டு வருசமா ஒவ்வொரு நாளும் இந்த ரெண்டு கதவையும் திறந்து பூட்டின மனுசன் லிப்ட்டுக்குள்ளை காகம் தேடுவாரோ மிஸ்? தான் எந்தக் கதவுக்கு முன்னாலை நிக்கிறன் எண்டு தெரியாத ஒராள்தான் வைச்சிருக்கிறா." போனை மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்தேன். "பத்து நிமிசத்துக்குள்ளை ரெண்டு தரம் தேத்தண்ணி தந்த ஆள்."

அந்த அம்மாவிடம் சுன்னாகம் என்று பகிடி விட்டேனே, அந்த நிமிடம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தேநீர்க்கடையின் பின் மேசையில் சண்முகலிங்கத்தைத் தனியாகக் கூட்டி வந்து உட்கார்த்தினோம். சுபோதினிதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். யதுஷா தாயோடு வெளியே நின்றாள். தாயை வீட்டில் தனியே விட முடியாது.

மிஸ் போனை அவர் முன்னால் வைத்தார். சண்முகலிங்கம் வாழையிலைச் சோற்றுப் படத்தைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மகளுக்குத் தெரியுமோ?"

"இல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் சட்டத்தரணிக்கும் மட்டும்தான். நாங்க உங்கட பக்கத்து ஆக்கள். உங்கட அனுமதி இல்லாம இது வெளிய போகாது."

அவர் மெதுவாகச் சொன்னார். "கீழை தண்ணி மோட்டர் போடப் போனனான். சத்தம் கேட்டு ஓடி ஏறினா, கதவு ஆவெண்டு திறந்து கிடக்கு. எட்டிப் பார்த்தன். பார்த்திருக்கக் கூடாது. அப்ப இவ அறைக்குள்ளையிருந்து செம்பிலை தண்ணியோடை வாறா. காகம் வந்து சாப்பிட்டிட்டுதோ எண்டு கேக்கிறா. நான் என்ன செய்ய? உள்ளை கொண்டுபோய் இருத்திப்போட்டு, ஆக்கள் வர நான்தான் திறந்தனான் எண்டிட்டன்."

நான் தேநீரைக் குடிக்கவில்லை.

"ஐயா," என்றார் மிஸ், "தான் என்ன செய்யுறன் எண்டு விளங்காத நிலையில ஒராள் செய்ததைச் சட்டம் குற்றமா எடுக்காது. வைத்தியர் பார்த்துச் சொல்லணும், அது உண்மை. ஆனா அவங்களை ஒருத்தரும் குற்றவாளி ஆக்கேலாது. நீங்க காப்பாத்துறதா நினைச்சது சட்டம் ஏற்கெனவே காப்பாத்தி வைச்சிருக்கிற ஒராளை."

"மறியலுக்குள்ளை அடைக்கிறதுக்கு நான் பயப்பிடேல்லை தங்கச்சி." அவர் நிமிர்ந்தார். "அவவிட்டைக் கேள்வி கேப்பினம் தானே? நீ திறந்தனியோ, அந்தப் பிள்ளை எப்பிடிச் செத்தது எண்டு கேப்பினம். அப்ப அவவுக்கு விளங்கும், தன்ரை கையாலை ஒரு பிள்ளை போயிட்டுது எண்டு. துடிச்சுப் போவா. பத்து நிமிசத்திலை மறந்திடுவா. பிறகு டொக்டர் கேப்பார், பொலிஸ் கேக்கும். ஒவ்வொரு தரமும் அவ முதல்தரம் கேக்கிற மாதிரிக் கேக்கோணும். இதை எத்தினை தரம் நான் பார்த்துக்கொண்டு நிக்கிறது?"

மிஸ்ஸின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் கொலைகாரர்களின் வார்த்தைகளைக் கண் இமைக்காமல் மொழிபெயர்த்தவர்.

"சரி ஐயா. அப்ப அவங்களைப் பற்றி ஒண்டும் சொல்லாதீங்க. குற்றவாளி இல்லை எண்டு சொல்லுறது பொய் இல்லை. வேற ஒருத்தரைக் காட்டிக் கொடுக்கிறதும் இல்லை. நான் குற்றவாளி எண்டா நீங்க நிரூபியுங்க எண்டதுதான் அதின்ர அர்த்தம். நிரூபிக்கிறது பொலிசின்ர பொறுப்பு. நீங்க கூண்டில ஏறிச் சாட்சி சொல்லணும் எண்டு கட்டாயம் இல்லை. கடைசி வரைக்கும் வாய் திறக்காம இருக்கிறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"தோண்டுவினம்."

"எதைத் தோண்டுறது? சாவியை ஆணியில தொங்கவிடச் சொன்னது கமிட்டி. பல்ப் இல்லை எண்டு சம்பவத்துக்கு மூண்டு கிழமைக்கு முதல் நீங்க கமிட்டிக்குக் கொடுத்த கடிதத்தின்ர பிரதி சுபோதினியிட்ட இருக்கு. பொலிஸ் கையில இருக்கிற ஒரே பலமான சாட்சி, இண்டைக்கு நீங்க சொல்லப் போற அந்தச் சொல்லுத்தான். அதைச் சொன்னா கேஸ் முடிஞ்சிரும். கமிட்டியை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. ரெண்டு கதவும் அப்பிடியே இருக்கும்."

வெளியே சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டோடு ஓடத் தொடங்கியிருந்தார்கள். எட்டே முக்கால்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நீங்கள் உள்ளுக்குப் போனா, அவர் எங்கை எண்டு அன்ரி கேப்பா தானே? யதுஷா அக்கா மறியலிலை எண்டு சொல்லுவா. அன்ரி அழுவா. பத்து நிமிசத்திலை திருப்பிக் கேப்பா. அதை ஆர் ஐயா ஒவ்வொரு நாளும் சொல்லுறது?"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். மிஸ் என்னை முறைப்பார் என்று நினைத்தேன். முறைக்கவில்லை. சண்முகலிங்கம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். கடைக்காரர் இந்தப் பக்கம் வரப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். புதுக்கடையில் தேநீர்க்கடை நடத்துகிறவருக்கு இது புதிதில்லை.

பத்தரைக்கு வழக்கு எடுக்கப்பட்டது. குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசித்தார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி, "குற்றவாளியா, இல்லையா?" என்று கேட்டார். சண்முகலிங்கம் திரும்பிப் பின் வாங்கைப் பார்த்தார். நேசமலர் மகளின் கையைப் பிடித்தபடி, கோவிலுக்கு வந்தவர் போல நீதிமன்றத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் கைகாட்டிச் சிரித்தார்.

"நான் குற்றவாளி இல்லை," என்றார் சண்முகலிங்கம்.

விசாரணைக்குத் தவணை போட்டார்கள். பிணை தொடர்ந்தது. சுபோதினி மிஸ்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் வென்றிருந்தோம். நான் வெளி விறாந்தைக்கு வந்து, நல்ல பகிடி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது வேலுசாமி எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். வெளுத்த சேட்டு, கையில் ஒரு துணிப்பை.

"அம்மா, நீங்க தமிழ்தானுங்களே," என்றார் மிஸ்ஸிடம். "இன்னைக்கு அவரு ஒத்துக்குவாருன்னு பொலிசுல சொன்னாங்க. அதக் காதால கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். இப்ப இல்லைங்கிறாரு. அப்ப எம்புள்ளைக்குக் கதவ யாருங்க அம்மா தொறந்து வச்சது?"

மிஸ்ஸின் வாய் திறந்தது. மூன்று மொழி தெரிந்த வாய். ஒரு மொழியிலும் சொல் வரவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். உண்மை எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, அதைக் கேட்கிற நியாயம் முழுவதும் அந்த மனிதரின் பக்கம் இருக்கிறது. இந்தத் தொழிலை அன்றுபோல் நான் ஒருநாளும் வெறுத்ததில்லை.

வேலுசாமி காத்திருந்து பார்த்தார். பிறகு விறாந்தை வாங்கில் உட்கார்ந்து, துணிப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

யதுஷா கையை விட்ட கண நேரத்தில் நேசமலர் அங்கே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தோளில் கை வைத்தார்.

"ஏனப்பு அழுறீர்? ஆருக்கு என்ன?"

"எம்புள்ள செத்துப்போச்சுங்க அம்மா. பத்தொம்பது வயசு."

"ஐயோ, ஆண்டவனே." அவருடைய முகம் அப்படியே உடைந்தது. "எப்பிடிச் செத்தது?"

"மாடியிலருந்து விழுந்திருச்சு அம்மா. யாரோ லிப்ட் கதவத் தொறந்து போட்டுட்டாங்க."

"ஆர் அந்தப் பாவி?" என்றார் நேசமலர். கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிந்தது. சேலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைக்கவில்லை, வேலுசாமியின் கண்ணைத் துடைத்தார். "பிள்ளையின்ரை பேர் என்ன? சொல்லும். பேரைச் சொல்லும்."

"மேனுகா அம்மா." வேலுசாமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன நாள்ல பேரச் சொல்லுன்னு கேட்டது நீங்க ஒருத்தங்கதாம்மா."

யதுஷா தாயைக் கூப்பிடப் போனாள். சண்முகலிங்கம் கைநீட்டி மகளைத் தடுத்தார். வாங்கில் இருந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

"வாய் திறக்காமல் இருக்கலாம் எண்டு சொன்னனீங்கள் தங்கச்சி. எவ்வளவு காலத்துக்கு?"

"கோர்ட்டில, கேஸ் முடியும் மட்டும் ஐயா," என்றார் மிஸ். வாங்கைப் பார்த்தார். "அங்க, எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார். செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, விறாந்தையைக் கடந்து, வேலுசாமியின் மற்றப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.